நாலாவது சீலம்

கந்தரோடையில் பஸ் நின்றால்
என் கடையில் சோடா போகும்.
வெள்ளை உடுத்தவர்கள்
முருகைக்கல் குமிழ்களைச் சுற்றிவந்து
சீலம் சொல்வார்கள். ஐந்தில்
நாலாவது மட்டும் கேட்டுக் கேட்டே
எனக்குப் பாடம்:
முஸாவாதா வேரமணி.
பொய் தவிர்ப்பேன்.

மாத்தறைப் பியசீலி
மீதிக்காசை எண்ணவில்லை.
பொலித்தீன் உறைக்குள் ஒரு படம்.
தொண்ணூற்றாறில் இந்தப் பக்கம் நின்றவனாம்.
கண்டதுண்டா?

கண்டேன்.
வடலிக்குள், மூன்றாம் நாள், இலையான் மொய்க்க.
காலில் சப்பாத்து இல்லை;
கழற்றியது என் தமையன்.
அடுத்த மாரிக்கும் அதோடுதான் தோட்டம் கொத்தினான்.

"நே, அம்மே."
அவள் மொழியில் எனக்குத் தெரிந்த
பிழையில்லாத வசனம்.

அவள் முகம் கழுவினதுபோல் ஆனது.
அப்படியென்றால் எங்கோ இருக்கிறான் என்றாள்.
நான் அதைச் சொல்லவில்லையே!
விளக்கெண்ணெய்க்கு என்று மீதியை வைத்துப் போனாள்.

இரக்கம் என்றுதான் இரவு முழுக்க
எனக்கே சொன்னேன்.
தமையனின் பேர் தொண்டைக்குள் கிடந்தது.

பொசொனுக்குத் திரும்ப வந்தாள்.
அதே படம், ஓரம் இன்னும் மங்கி.
இரண்டாம் தரம் லேசாக வரும் என்று
நினைத்திருந்தேன்.
சோடா மூடியைத் திறக்க
கை வழங்கவில்லை.