எத்தனை நிறுத்தம்

கடலூரிலிருந்து பாண்டிக்கு
மற்றவர்களுக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
எனக்கு ஆறு கதவு.

பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறை,
சில்லறை எப்போதும் தனிப் பையில்.
மஞ்சக்குப்பத்தில் தெரிந்த ஒர்க்‌ஷாப்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒன்றுமில்லை, காற்றுதான்.
அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன்.
ரெட்டிச்சாவடி பெட்ரோல் பங்க்.
கன்னியக்கோயிலில்
உள்ளே ஊற்ற வரிசையாகக் கடை,
வெளியே விட ஓர் இடமில்லை.
கிருமாம்பாக்கத்தில் தெய்வசிகாமணி டயர் கடை,
பின்கட்டில், ஒரு நாயைத் தாண்டி.
அரியாங்குப்பம் டீக்கடை.
அப்புறம் பாண்டி.

ஓட்டுநர் யாகூப் என்னை எதுவும் கேட்டதில்லை.
கண்ணாடியில் என் முகம் மாறினால்
டயர் கடையில் ஓரங்கட்டி இறங்கி
பின்சக்கரத்தை உதைத்துக்கொண்டு நிற்பார்.
வண்டி முழுக்க உச்சுக்கொட்டும்.
அந்தச் சக்கரத்தில் ஒருநாளும் காற்று குறைந்ததில்லை.

மூன்று வருஷம்.
முதல் டாக்டர் நிமிராமலே கேஸ் என்றார்.
அடுத்தவர் டென்ஷன் ஆகாதீங்க என்று கத்தினார்.
அக்கா மாதுளைத்தோலைக் காயவைத்துத் தந்தாள்.
ரத்தம் போவதை யாருக்கும் சொல்லவில்லை,
மூலம் என்று எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன்.
வேலை நாளில் சாப்பிடுவதை விட்டேன்.
ஆணியைக் காய்ச்சி
பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.

கடைசியில் யாகூப்தான் ஒரு முகவரி தந்தார்,
பழைய டிக்கெட்டின் முதுகில்.
நெல்லித்தோப்பில் ஒரு மாடி,
குடலுக்கென்றே படித்த டாக்டர்.
படியேறியதும் சுவரில் அம்புக்குறி,
கழிப்பறை என்று கை அகலத்துக்கு எழுத்து.
அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.
இதற்கெல்லாம் யாராவது அழுவார்களா.

டாக்டர் ஜெசிந்தா உள்ளங்கைகளைத் தேய்த்துச்
சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றில் வைத்தார்.
"ராத்திரி தூக்கத்துல எழுப்புதா?"
எழுப்புது.
"ரத்தம்?"
மின்விசிறி சுற்றியது.
வெளியே பதினாறு டோக்கன் காத்திருந்தது.
அவரும் காத்திருந்தார்.
"ம்" என்றேன்.
"உங்க ரூட்ல டாய்லெட் எங்கெங்க இருக்கு?"

ஆறையும் சொன்னேன்,
நாய் உட்பட.
எழுதிக்கொண்டார், என் கோப்பிலேயே,
ரத்த அழுத்தத்துக்குக் கீழே.

உள்ளே பார்ப்பதற்கு முந்தைய இரவு
லிட்டர் கணக்கில் உப்புத் தண்ணீர்.
தேவனாம்பட்டினத்துக் கடலே பரவாயில்லை என்றேன்,
மனைவி சிரித்தாள், இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

மயக்கம் தெளிந்ததும் படத்தைக் காட்டினார்:
மழைக்குப் பின் சாலை மாதிரி
சிவந்து, பெயர்ந்து.
"இவ்வளவு புண்ணோட நின்னுக்கிட்டே வேலை பாத்திருக்கீங்க."
நான் பொய் சொல்கிறேன் என்று
இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லைதான்.
"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்.
அடங்கலைன்னா போன் பண்ணுங்க."
டிப்போவுக்கு ஒரு கடிதமும் தந்தார்.
மாத்திரை விலைதான் கொஞ்சம் உதைக்கிறது.

இப்போது சில நாள் இரண்டு கதவு.
கெட்ட நாளில் பழையபடி ஆறு.
பெல்ட்டில் ஓர் ஓட்டை பின்னுக்கு வந்திருக்கிறேன்.

நேற்று ரெட்டிச்சாவடி தாண்டி
மூன்றாவது சீட்டில் ஒருவர்,
மடியில் சாப்பாட்டுப் பை, மேலுதட்டில் வியர்வை,
பார்வை ஜன்னலில், எதையும் பார்க்காமல்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
கிருமாம்பாக்கத்தில் விசில் கொடுத்தேன்.
யாகூப் இறங்கிச் சக்கரத்தை உதைத்தார்.
வண்டி உச்சுக்கொட்டியது,
சந்தேகம் வராமலிருக்க நானும் சேர்ந்து.
அப்புறம் டிக்கெட் பார்ப்பதுபோல் குனிந்து சொன்னேன்:
பின்கட்டுல இருக்கு சார்.
நாய் ஒண்ணும் பண்ணாது.