எல் வடிவம்

சித்திரைக் கடைசியில் கரடி வந்தது.
பின்கதவுக்கு ஒரே தள்ளு.
நல்லெண்ணெய் முழுக்க, சர்க்கரை பாதி,
அலமாரியில் இரண்டு தட்டு.
விடிந்ததும் தரையைத் துடைத்தபடி தேவசகாயம் சொன்னார்:
"பத்து வருசமா நீ கேட்டுட்டிருந்தே.
அதுக்கே தாங்கல போல."

அப்படித்தான் ஆரம்பித்தது.

சீட்டு எடுத்தது எண்பதாயிரம்.
ஃபாக்டரி போனஸ் இருபத்திரண்டு.
என் கால் பவுன் மோதிரம்:
வேண்டாம் என்று அவரும்
போகட்டும் என்று நானும்
ஒரு வாரம் முகம் பார்க்காமல் சாப்பிட்டோம்.
கேஸ் ரசீதின் பின்புறத்தில்
எழுதி அடித்து எழுதி
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்.
அடிக்கோடு இரண்டு.

மேட்டுப்பாளையம் ஷோரூமில்
ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
நிஷாந்த் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்
இழுப்பறை ஒன்றை ஒற்றை விரலால் தள்ளினான்.
பாதி வழியில் அது கொஞ்சம் யோசித்தது,
பிறகு சத்தமே இல்லாமல்
தானாகப் போய் மூடிக்கொண்டது.
"சாஃப்ட் குளோஸ், மேடம்."
பதினோரு முறை மூடிப் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் எதுவும், யாரும்,
இவ்வளவு பொறுமையாய் வாய் மூடியதில்லை.

கம்ப்யூட்டரில் என் சமையலறை சுழன்றது.
அதில் கரி இல்லை, ஓதம் இல்லை,
ஜன்னலும் இல்லை.
"அங்க டால் யூனிட் வந்துரும், மேடம்."
தம்பி,
அந்த ஜன்னலில்தான் ஐந்தரை மணிக்கு
சில்வர் ஓக்குக்கு அந்தப்பக்கம்
முதல் பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் திரும்பும்.
அதைப் பார்த்துத்தான் பாலை இறக்குவேன்.
சொல்லவில்லை.
விலையைச் சொல்லு என்றேன்.
இரண்டு லட்சத்து எண்பத்தாறு.
ஜி.எஸ்.டி. தனி.

குஞ்சப்பனை வரை
இரண்டு பேரும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு ரஹமத்துல்லா வந்தார்,
டேப்பும் ரசமட்டமும் காதில் பென்சிலுமாய்.
இந்த மூலை ஏழே முக்கால் அடி,
அந்த மூலை ஏழரை.
"மலைல எந்தச் சுவரும்மா நேரா நிக்குது?
பெட்டிய நேரா செஞ்சேன்னா
இடுக்குல எலி வாடகை இல்லாம இருக்கும்."
ஷோரூம் கொடுத்த மாதிரித் துண்டை
நகத்தால் கீறினார், முகர்ந்தார்.
"ஐப்பசி மூடுபனிக்கு இது
டீல நனைச்ச பன்னு."

பிறகு அடிக்க ஆரம்பித்தோம்.
சிம்னி, அடி.
ஜன்னல் இருக்கிறதே.
மூலையில் சுற்றும் தட்டு, அடி.
கைக்கு எட்டாததை எடுக்கத்தான்
இவருக்கு நீளக் கை.
கண்ணாடிக் கதவு, உள்ளே எரியும் விளக்கு,
பாட்டில் நிற்க ஒரு தனி ரதம்.
ஸிங்க் மட்டும் ஓரம் நசுங்கியது,
நானூறு குறைவு, தண்ணீருக்குத் தெரியாது.
மேல் அலமாரிக்கு வைத்திருந்த பணம் அப்படியே
பின்பக்க இரும்புக் கதவுக்குப் போனது.
கரடிக்கும் சேர்த்துத்தானே பட்ஜெட்.

ஒன்றே ஒன்றை மட்டும் அடிக்கவிடவில்லை.
கரண்டி போடும் இழுப்பறைக்கு
அந்த சேனல், ஒரு ஜோடி.
"இதுக்கு இவ்வளவா?" என்றார்.
பேனாவை வாங்கி
நானே எழுதினேன்.

மழை பிடிப்பதற்குள் வேலை முடிந்தது.
ஸிங்குக்குக் கீழே இன்னும் கதவில்லை,
சிலிண்டர் ஊர் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.
பக்கத்து வீட்டு லிங்கியம்மா வந்து
மேடையைத் தடவிவிட்டு
"எவ்வளவு ஆச்சு?" என்றாள்.
சொன்னேன். பத்தாயிரம் குறைத்து.

நேற்று நடுராத்திரி
சமையலறையில் ஏதோ அசைந்தது.
விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.
இரும்புத் தாழ் போட்டது போட்டபடி.
இருட்டில் பனியனோடு தேவசகாயம்.
ஒற்றை விரலால் தள்ளுகிறார்,
அது யோசிக்கிறது,
மூடிக்கொள்கிறது.
மறுபடி இழுக்கிறார்.

என்னைப் பார்த்ததும்
"எண்ணெய் விடணுமான்னு பாத்தேன்"
என்றார்.