கால் மணி நேரத் துறை

ஹாமர்ஃபெஸ்டில் காலை ஐந்தேகால்.
காலை என்பது கடிகாரம் சொல்வது.
நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை,
இங்கே ஆறு சிறுபொழுதும் யாமம்தான்.
பக்கக் கதவு திறந்ததும் முதலில் ஏறுவது வாடை,
பிறகுதான் சரக்கு:
டயர் நான்கு, உறைந்த ரொட்டி, பள்ளிக்கு நாற்காலிகள்,
பழுப்புக் காகிதம் சுற்றிய ஒற்றைக் கதவு.
சீட்டில் ஷோலெஃபியூர்ட், ஆஸ்லவ்க் மிக்கால்சன்.
மாலையில் முதலில் இறங்கட்டுமென்று
ஃபோர்க்லிஃப்டில் ஏந்திவந்து
வாசலோரம் சாத்தினேன்.

ஹாவைசுண்டில்
கையில் கட்டுப் போட்ட மீனவர் ஒருவர் இறங்கினார்.
வரவேற்க வந்த நாய்
அவரை விட்டுவிட்டு என் கையுறையை முகர்ந்தது.

ஹொன்னிங்ஸ்வோக்கில் மூன்றரை மணி நேரம்.
ஐரோப்பாவின் முனையைப் பார்க்கப்
பேருந்துகள் பயணிகளை அள்ளிப் போயின.
இருட்டைப் பார்த்துவிட்டுச் சிவந்த மூக்கோடு வந்தார்கள்.
இதற்கிடையில் தெற்கே கொஞ்சம் நீலம்,
மைக்கறைத் துணியை அலசிய தண்ணீர் போல.
நண்பகல் என்று எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் அதிகாரி எய்லெர்ட் அப்போது முகம் மழித்தான்.
வானிலை அறிக்கையைவிட நம்பலாம் அதை:
அடுத்தது ஷோலெஃபியூர்ட்.

அங்கே கப்பல் நிற்பது பதினைந்து நிமிடம்.
அவள் காப்பிக் குடுவையோடு வருவாள்,
வடக்கே போகையில் மாலை ஐந்துக்கு,
தெற்கே திரும்புகையில் அதிகாலை மூன்றுக்கு,
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டோடு.
என்ன பேசுவார்கள்?
பழுதான கொதிகலன். தம்பியின் படகுக் கடன்.
ஒருமுறை ஒன்றுமே பேசவில்லை,
அதையும் கால் மணி என்றே கணக்கில் வைத்தேன்.

ஆமாம், கணக்கு.
சரக்குப் பட்டியலின் முதுகில் போட்டுப் பார்த்தது.
மூன்று ஆண்டு, தொண்ணூற்றைந்து தடவை.
இன்றும் நின்றால் தொண்ணூற்றாறு,
கூட்டினால் சரியாக ஒரு நாள்.
ஊரில் என் மச்சானும் அவன் மனைவியும்
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செலவழித்துவிடுவார்கள் அதை,
பாதிக்குமேல் தூங்கியே.

ஐந்து மணிக்கு ஃபியூர்டுக்குள் திரும்பினோம்.
காற்று கப்பலைத் தோளால் இடித்தது.
ஒருமுறை நெருங்கினோம்.
எறிந்த கயிறு பறந்து நம்மீதே விழுந்தது.
கேப்டன் பின்வாங்கினார்.
கரையில் ஒரு காரின் விளக்கு
அணைந்து எரிந்தது, இரண்டு தரம்.
தேவையே இல்லாமல் கேப்டன் ஊதுகுழலை ஒலித்தார், நீளமாக.
யாரும் எய்லெர்ட்டின் முகத்தைப் பார்க்கவில்லை,
எல்லோருக்கும் அவரவர் பூட்ஸில் ஏதோ வேலை இருந்தது.

மேஹாமுக்கு முன் அவன் சரக்குத் தளத்துக்கு வந்தான்.
கதவு ஆடிக்கொண்டிருந்தது.
வாரெடுத்துத் தானே கட்டினான்.
அப்போதுதான் சீட்டை முழுதாகப் படித்தேன்,
அனுப்புநர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து.

அளவு அவள் எழுதிக் கொடுத்தது என்றான்.
வீட்டை அவன் பார்த்ததில்லை.
துறையிலிருந்து ஏழு நிமிட நடையாம்.

"நாளை மறுநாள் மூன்று மணிக்கு இறக்கிவிடலாம்" என்றேன்.
தலையசைத்தான். போகவில்லை.
"இது எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை.
கையுறைகளைக் கழற்றிவிட்டு
காகிதத்தின் மேலாகவே
இரண்டு பேரும் தடவித் தேடினோம்,
கீல் எங்கே என்று.