இருப்புப் பதிவேடு, பக்கம் 41

சிலை. எண்ணிக்கை: ஒன்று.
பெற்ற நாள்: 1965, ஜனவரி.
ஸ்டோர் கிளார்க் ஞானசிகாமணி ஆகிய நான்
சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

செய்தவள் பெயர் இர்ம்கார்ட்.
காட்பாடி ஜங்ஷனில் பெட்டி இறக்கிய போர்ட்டர்
அதை இரும்புக்காடு என்று வந்து சொல்ல,
தொழுநோய் ஆஸ்பத்திரி முழுக்க
அவள் இரும்புக்காட்டு அம்மா ஆனாள்.
பெட்டியில் இரும்பு இருந்தது உண்மைதான்.
உளி நாற்பத்திரண்டு, சுத்தியல் மூன்று.
ஒன்றின் பிடி பாதி கரிந்திருந்தது.
ஏன் என்றேன். "போர்" என்றாள்,
அடுத்த உளியை எண்ணக் கொடுத்தாள்.

முதல் மாதம் ஒரு வேலையும் செய்யவில்லை.
சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து
கைகளைப் பார்த்தாள்.
மடங்கிய விரல், பாதி விரல்,
விரல் போய் மிஞ்சிய உள்ளங்கை,
சுடுவது தெரியாமல் அது
ரசத் தம்ளரைப் பற்றியிருக்கும் விதம்.
முகம் பார்த்து இரக்கப்பட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.
இவள் பிடியைப் பார்த்தாள்,
ஆசாரி கதவின் கீலைப் பார்ப்பதுபோல.

பிறகு களிமண் கேட்டுச் சீட்டு வந்தது, வண்டிக் கணக்கில்.
சம்பூரணம், கண்ணியப்பன், மேல்விஷாரம் மதார் சாயபு,
ஒருவரையும் விடவில்லை.
ஈர மண்ணைப் பிடிக்கச் சொல்லி
பிடித்த பள்ளத்தைப் பூவரசங்கட்டையில் இறக்கினாள்.
கரண்டிப் பிடி, மண்வெட்டிப் பிடி,
சாயபுவுக்குப் பீடி செருக ஒரு கவட்டை
(டாக்டரிடம் சொல்லாதே என்றாள், சுத்தமான தமிழில்).
எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பதினாலு சம்பூரணத்துடையது.
ஆறு வருஷம் கழித்து அன்றுதான் அவள்
தானே கத்தரிக்காய்க் குழம்பு கிளறினாள்.
உப்பு கரித்தது. மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

அந்தச் சித்திரையில் சிலைக்குப் பணம் வந்தது
அவள் ஊர்ச் சபையிலிருந்து.
புது வார்டு வாசலில், ஆளுயரம்,
கை நீட்டி ஆசி தரும் கோலம் என்று கடிதம்.
ஜவ்வாது மலைத் தேக்கு,
நீளம் இருபத்திரண்டு அடி என்று எழுதிக் கொடுத்தாள்.
ஆளுயரத்துக்கு எதற்கம்மா இருபத்திரண்டு?
நான் கேட்கவில்லை.
வேலூர் வெயிலில் அந்த மாதம்
யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

திறப்பு விழாவுக்கு ரோஜா மாலையும் கத்தரிக்கோலுமாய் வந்தார்கள்.
பாறைச் சரிவில் பத்தொன்பது படி.
ஏறி, மூச்சு வாங்கி, மேலே நின்று,
"சிலை எங்கே?" என்றார்கள்.
கேட்டவரின் கை இன்னும்
படியோரக் கைப்பிடிமேல் இருந்தது.
முழங்கை சாய ஒரு பள்ளம்,
மணிக்கட்டு இளைப்பாற ஒரு மேடு,
மரத்த கை நழுவினால் நிறுத்த வரப்பு.
தள்ளி நின்று பார்த்தால் ஒரு புஜம்.
கீழே தோளில் தொடங்கி
பத்தொன்பதாம் படியில் விரல் விரிக்கிறது.
அவள் பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருந்தாள்.
மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல்
என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆடிட்டர் வருஷா வருஷம்
அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து
சிவப்பு மசியில் எழுதுவார்:
"சிலை நேரில் காணப்படவில்லை."
நான் மறுத்ததில்லை. அவருக்கு மூட்டு வலி.

அவள் போய்ப் பத்து வருஷம் கழித்து ஒரு கடிதம்.
வாதத்தில் விரல் திருகிக்கொண்டதாம்.
பதினாலாம் எண் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள்.
சம்பூரணம் கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்து,
முந்தானையில் துடைத்து,
"உப்பைப் பார்த்துப் போடச் சொல்லு" என்றாள்.

தபாலாபீசில் பாரம் நிரப்பினேன்.
பொருள்: மரப்பிடிக் கரண்டி. எடை: இருநூறு கிராம்.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.
போஸ்ட்மாஸ்டரே ஐந்து ரூபாய் என்று எழுதி,
"ஜாஸ்தியா சார்?" என்றார்.