அறுபத்துமூவர்

கொம்பனித்தெருவில் மூன்றாம் மாடி.
ஏசி பழுது. மின்விசிறி மட்டும்.
சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள்,
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம்
சிலிர்த்து அடங்குகின்றன.

வெள்ளவத்தைக் கால்வாய்க் குப்பையைக்
கடலுக்குப் போகவிடாமல் மறிக்கவேண்டும்.
வேலை அவ்வளவுதான்.

முதல் ஒரு மணித்தியாலம்
யாரும் யாரையும் மறுக்கக்கூடாது.
"ஆனால்" என்றால் இருபது ரூபாய் அபராதம்.
பிளேன்ரீக்குக் காசு சேர்ந்தது.
அதிகம் கட்டியவர் ஞானமுத்து ஐயா;
பாலம் கட்டிப் பழகிய வாய்,
"ஆனால்" இல்லாமல் மூச்சு வராது.

வலை. இரும்புக் கம்பி.
அடியில் குழாய் போட்டுக் காற்றூதிக்
குமிழியால் ஒரு திரை.
நீர்ச்சக்கரம். வாத்து வடிவில் வள்ளம்.
முப்பத்தொன்று ருக்மல் எழுதியது:
'சனத்திடம் போடவேண்டாம் என்று சொல்வது.'
சிரித்தோம். சிரிப்பும் ஒரு "ஆனால்"தான் என்று
இருபது ரூபாய் வாங்கினாள் மிஃப்ரா,
ஆளுக்கு.

முப்பத்தெட்டு என்னுடையது.
கால்வாய் வாயைக் கடந்து
கரையோர ரயில் போகிறதல்லவா,
அது அதிரும் ஒவ்வொரு தடவையும்
ஒரு வாரி எழுந்து
குப்பையைக் கரையில் கொட்டட்டும்.
எழுதி ஒட்டியபோது கை வியர்த்திருந்தது.
இதைப்போல ஒன்று
வருடத்தில் ஒருதரம்கூட வராது எனக்கு.

எண்ணிப் பார்த்தால் அறுபத்துமூன்று.
"அறுபத்துமூவர்" என்றாள் கேதாரணி.
அங்கே எல்லாருக்கும் கயிலாயம்.
இங்கே ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது.

பின்னேரம் அட்டவணை போட்டோம்.
செலவு, ஆட்கூலி, வெள்ளம், அனுமதி,
கபரகொய்யா தடையின்றிப் போய்வருமா.
கடைசி, மிஃப்ராவின் பிடிவாதம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை,
ஒன்றிலிருந்து ஐந்துவரை.

ஒரு களவைச் சொல்லவேண்டும்.
எல்லாரும் தேத்தண்ணிக்கு இறங்கிய நேரம்
ஆட்கூலி நிரலில்
இரண்டை ஐந்தாக்கினேன்.
முப்பத்தெட்டு ஒன்பதாம் இடத்திலிருந்து
நான்காம் இடத்துக்கு ஏறியது.
அதற்குமேல் ஏறவில்லை.
ரயில்வே அனுமதி என்ற கட்டத்தில்
பூச்சியம் உட்கார்ந்திருந்தது,
எந்த நிறையால் பெருக்கினாலும்
பொரிக்காத முட்டை.

ஐந்தைத் திரும்ப இரண்டாக்கும்போது
ருக்மல் கதவடியில் நின்றான்.
கண்டானா தெரியாது.
"அதில உமக்கு எது பிடிச்சது?" என்று
சிங்களம் பாதி தமிழ் பாதியாய்க் கேட்டான்.
யோசித்தேன். ரயில் அல்ல.
வாரியும் அல்ல.
தன்பாட்டில் போகிற ஒன்று
போகிறபோக்கில்
நம் வேலையையும் செய்துவிட்டுப் போவது.
"அப்ப கால்வாயில தன்பாட்டில போறது என்ன?"

தண்ணீர்.

பதினாலாம் தாளில் மிதவைத் தடுப்பு ஒன்று கிடந்தது,
கரைக்குக் கரை நேராக,
ஆறாம் இடத்தில், யாரும் கவனிக்காமல்.
பேனையால் அதைச் சாய்த்தேன்.
நேரே மறித்தால் முட்டி வழியும்;
சாய்த்து மறித்தால்
தண்ணீரே குப்பையைத் தள்ளித் தள்ளி
ஒரு கரைக்கு ஒதுக்கிவிடும்.
ஞானமுத்து ஐயா எட்டிப் பார்த்தார்.
"ஆனா..." என்று தொடங்கி,
சட்டைப்பையைத் தொட்டு,
நிறுத்திக்கொண்டார்.

நாற்பது நீலப் பீப்பாய். நைலோன் கயிறு.
கட்டி முடித்த இரவே ஐப்பசி மழை.
போத்தல், ரெஜிபோம், ஒற்றைச் செருப்பு,
பிடி உடைந்த கிரிக்கெட் மட்டை
எல்லாம் வரிசையாகக் கரைக்கு வந்தன,
பஸ்ஸால் இறங்குவதுபோல.
விடியப்புறம் நான்கரைக்கு
ஒரு தென்னங்குற்றி வந்து
நடுவில் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போனது.

குற்றி வரும் என்று
அறுபத்துமூன்றில் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டவணையில் அதற்கு நிரலே இல்லை.

காலையில் பாலத்தில் நின்று பார்த்தோம்.
அறுந்த பாதி கரையோடு ஆடிக்கொண்டிருந்தது.
அதன்மேல் ஒரு கபரகொய்யா
ஏறிப் படுத்து வெயில் காய்ந்தது,
தனக்கென்றே கட்டியதுபோல.
மிஃப்ரா தன் கட்டத்துக்கு முழுப்புள்ளி போட்டாள்.

முதுகுக்குப் பின்னால் கரையோர ரயில் போனது.
பாலம் அதிர்ந்தது.
நல்லாகத்தான் அதிர்ந்தது.
பையில் மஞ்சள் தாள்கட்டு இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தேன்.