உதிர்ந்த பிட்டு

துளசிராம் அண்ணன் போனில் கத்துகிறார்:
"உங்க மெஷின் பொய் சொல்லுதுப்பா."

பையில் நான்கு பேப்பர் ரோல், இரண்டு பேட்டரி,
சிம் கழற்றும் ஊசி.
சிம்மக்கல் சிக்னலில் நிற்கிறேன்.
மெஷினுக்குப் பொய் தெரியாது.
தெரிந்ததெல்லாம்
முப்பது நொடி காத்திருப்பது,
பிறகு கைவிடுவது.

வடக்கு வெளி வீதிக் கடையில்
நீர்மூழ்கி மோட்டார் பெட்டிமேல்
உட்கார்ந்திருக்கிறார் செக்கானூரணி ஒச்சம்மாள்.
அவர் போனில் வந்த செய்தி:
பதினெட்டாயிரத்து நானூறு எடுக்கப்பட்டது.
மெஷின் துப்பிய சீட்டு:
பரிவர்த்தனை தோல்வி.
இரண்டிலும் மணி 11:42.

"குடுத்தவ நான் குடுத்துட்டேன்.
வாங்குனவரு வாங்கலைங்கிறாரு.
நடுவுல யாரு?"

நடுவில் யார் என்று
மூன்று நாள் பயிற்சியில் எனக்கு
அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.
அதைத்தான் சொல்கிறேன்.
கார்டு பட்டதும் ஒரு கேள்வி கிளம்பும்.
கடையின் பேங்குக்குப் போகும்,
அங்கிருந்து நெட்வொர்க்குக்கு.
அது கார்டின் முதல் எண்களைப் பார்த்து
இது எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொண்டு
உங்கள் பேங்கின் கதவைத் தட்டும்.
இருக்கா?
இருக்கு.
அந்த 'இருக்கு' வந்த வழியே திரும்பும்.
காசு அப்போது கடைக்கு வராது, சொல்தான் வரும்.
காசு மறுநாள்,
கூட்டிக் கழித்து, மொத்தமாக.

"உங்க பேங்க் சரின்னுருச்சும்மா.
அந்தச் சரி இங்க வந்து சேரல."
"வழியில விழுந்துருச்சா?"
"ஆமா."
"குனிஞ்சு எடுக்க ஆளில்லையா?"

வைகைக்கரையில் கூலிக்காரன் ஒருவன் முதுகில்
விழுந்த பிரம்படி
அடித்த அரசன் முதுகிலும்
வயிற்றுப் பிள்ளை முதுகிலும் விழுந்த கதை
இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
எங்கள் தொழிலின் வாக்குறுதியும் அதுதான்:
ஒரே தட்டு, எல்லாக் கணக்கிலும் தழும்பு.
இன்றைக்கு அடி
ஒச்சம்மாள் முதுகோடு நின்றுவிட்டது.

"அஞ்சு வேலை நாள்ல தானா திரும்பிரும்."
"கத்திரிக்கு ஞாயித்துக்கெழம தெரியாது தம்பி."

எழுந்தார்.
கம்மலைக் கழற்றி வைப்பதுபோல
கார்டைக் கண்ணாடி மேஜையில் வைத்தார்.
"இத வச்சுக்கண்ணே. காசு திரும்புனதும்
நீயே போட்டு எடுத்துக்க.
நம்பர் உறையில இருக்கு."

இருந்தது. பால்பாயிண்டில், நான்கு இலக்கம்.
'ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்'
என்ற ஸ்டிக்கர்
அதே மேஜையில்,
நான் ஒட்டியது, ஒரு மூலை பிரிந்திருந்தது.

துளசிராம் அண்ணன் கார்டைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மாற்று பார்க்கிறவர் மாதிரி.
கல்லாவில் விபூதிப் பொட்டலத்தின் கீழே செருகினார்.
"மோட்டார ஆட்டோல ஏத்துடா."

நான் எதையும் பார்க்கவில்லை.
பேப்பர் ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காசு அவர் கணக்குக்குத் திரும்பியது.
போனில் சொன்னார், இவர் கார்டை வைத்தார்,
இந்த முறை சீட்டும் செய்தியும் ஒன்றையே சொல்லின.
கடைக்கு வந்து சேர்ந்ததில்
நூற்று அறுபத்தைந்து ரூபாய் அறுபது காசு குறைவு.
ஆயிரத்துக்கு ஒன்பது.
அதில் பெரும்பங்கு அவருடைய பேங்குக்கு,
சில்லறை நெட்வொர்க்குக்கு,
மிச்சம் எங்கள் ஆட்களுக்கு.
அந்த மிச்சத்தின் மிச்சத்தில்
விசிட்டுக்கு நாற்பத்தைந்து எனக்கு,
பெட்ரோல் உட்பட.

பிட்டு விற்றவளிடம் அந்தக் கூலிக்காரன்
உதிர்ந்ததை மட்டும் தா என்றுதான் பேசினான்.
அன்றைக்கு ஒரு பிட்டுகூட
உதிராமல் வேகவில்லை.
நாங்கள் அவ்வளவு கேட்பதில்லை.
ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு பருக்கை.
அடுப்புகள்தான் அதிகம்.

கார்டு இன்னும் கல்லாவில்தான் இருக்கிறது.
வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டாராம்.
"தண்ணி நல்லா ஏறுதுண்ணே.
அது அங்கயே கெடக்கட்டும்,
அடுத்த மாசம் பைப்பு எடுக்கணும்."