நானூற்றுப் பதினெட்டு

ஹல் நகரின் தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பில்லை,
பாலாடை நிறம்.
நாடெல்லாம் ஒரு கம்பியில் கதைத்த காலத்தில்
தனக்கென்று தனிக்கம்பி இழுத்த பிடிவாதக்கார ஊர்.
இங்கே என் வேலை
அறுபத்து மூன்று தொலைபேசிகளை மேய்ப்பது.
மேய்ப்பது என்று சும்மா சொல்லவில்லை.
ஒன்று வேலி தாண்டும், ஒன்று ஊமையாகும்,
எக்ஸ்ரே அறையில் இருப்பது
மழை பெய்தால் இருமும்.

பெப்ரவரியில் பல் வைத்தியசாலை இடம் மாறியது,
ஆன்லபி வீதியிலிருந்து ஆறு தாண்டி
ஹோல்டர்னஸ் வீதிக்கு.
நாற்காலிகள் லொறியில் போயின.
எண்களுக்கு லொறி தேவையில்லை.
எங்கே செருகினாலும் அதே மணி, அதே குரல்.
அதுதான் அவற்றின் அழகு, கள்ளமும் அதுதான்.
ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால்
ஒரு முகவரி தூங்குகிறது.
மூன்று ஒன்பதுகளை அழுத்தினால் மட்டும்
கண் விழிக்கும்.
ஒவ்வொன்றாய் நான்தான் மாற்றினேன்.
அறுபத்திரண்டு.

விடுபட்டது கொதிகலன் அறைச் சுவரில் தொங்கிய 418.
அதில் யார் கதைக்கப் போகிறார்கள் என்று
நினைத்ததாகக்கூட நினைவில்லை.
பசித்தது. பெட்டியில் புட்டு ஆறிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்.

ஏப்ரல் ஒன்பது, காலை ஆறு இருபது.
துப்புரவு செய்யும் மோரீன் ஹார்கிரேவ்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்தார்.
அவரே அழுத்தினார். குரல் வரவில்லை.
குரல் வராதவர்களுக்காகத்தானே அந்த முகவரி.
அது பேசியது,
தெளிவாக, கதவிலக்கத்தோடு,
பிழையாக.

அம்புலன்ஸ் ஆன்லபி வீதிக்குப் போனது.
அங்கே இப்போது கம்பளக் கடை.
கதவை இடித்த சத்தத்தில்
ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்த கடைக்காரர்
"பல்லுக்காரரா? ஆற்றுக்கு அந்தப் பக்கம்" என்றாராம்.
பதினான்கு நிமிடம்.
கப்பலுக்காகப் பாலம் தூக்கியிருக்கவில்லை என்பது
யார் செய்த புண்ணியமோ.

அவருடைய கணவர் கென்னை
வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள்.
ஏழு தடவை.
அவர் திரையில் எங்கள் எண்ணுக்கு மேல்
"மோசடியாக இருக்கலாம்" என்று இருந்தது.
நாளுக்கு இருநூறு பேருக்குப் பல்லை நினைவூட்டினால்
எந்த இயந்திரத்துக்கும் சந்தேகம் வரும்.
கென், முன்பொருமுறை
வங்கியிலிருந்து கதைப்பதாகச் சொன்னவனிடம்
ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுத்தவர்.
இந்தத் தடவை திரை சொன்னதைக் கேட்டார்.
தேநீர் போட்டார்.

பேரும் ஊரும் தெரியாதவனை நம்பாதே என்பார்கள்.
அன்று காலை
எங்கள் பேரை நம்பவில்லை,
ஊரை நம்பிவிட்டார்கள்.
மாறி நடந்திருக்கலாம்.

மோரீன் பிழைத்தார்.
ஜூனில் வந்து இஞ்சி பிஸ்கட் டின் ஒன்றை நீட்டினார்.
"போன்களைப் பார்க்கிற பிள்ளை நீதானே?"
ஓம் என்றேன்.
அதற்குப் பின் சொல்ல வைத்திருந்த வாக்கியம்
பிஸ்கட்டோடு தொண்டையில் நின்றது.
விசாரணை அறிக்கையில் அது இருக்கிறது,
செயப்பாட்டுவினையில்:
முகவரி புதுப்பிக்கப்படவில்லை.
எழுவாயை யாரும் தேடவில்லை.

இப்போது திங்கட்கிழமைகளில்
அறை அறையாக நடக்கிறேன்.
தொலைபேசியைக் கவிழ்த்து எண்ணைப் படித்து
நிற்கும் இடம் பட்டியலில் உள்ள இடம்தானா என்று பார்க்கிறேன்.
418-ஐ இரண்டு தடவை.

அந்தச் சந்தேகப் பட்டத்தை நீக்கக் கேட்டும் எழுதினேன்.
உங்கள் அழைப்புகளின் நோக்கம், இருநூறு எழுத்துக்குள்.
"பல்" என்று தொடங்கி அழித்தேன்.
"ஒருவருடைய மனைவி விழுந்துவிட்டால் சொல்வதற்கு"
என்று எழுதி அதையும் அழித்து
மறுபடி "பல்".
பதில் வந்தது:
எங்கள் அலுவலர் உங்களை அழைத்து உறுதிசெய்வார்.

வியாழன் மாலை. பாலம் தூக்கியிருந்தது.
பேருந்தின் மேல்தட்டில் கைபேசி அதிர்ந்தது.
தெரியாத எண். மேலே சிவப்பில்,
மோசடியாக இருக்கலாம்.
உள்ளங்கையில் அதைப் பிடித்தபடி இருந்தேன்.
ஐந்தாவது மணி.
ஆறாவது.